வலை உதறும் இடம்

துறைமுகத்தில் எல்லோரும் அவளைச் சுத்தக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் படகு உரிமச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் பத்திரமாக இருந்தது. பாதி பாராட்டு, பாதி கேலி என்று வந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது. மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்ப்பாள். காய்ந்ததும் நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள். படகுத் தளத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் அதை நகத்தால் சுரண்டி எடுக்காமல் கரையேற மாட்டாள். அவள் வீட்டுக்காரர் எஞ்சின் பிடிக்கிறவர், பேச்சில் மகா கஞ்சர். அவரே ஒருமுறை வாய்திறந்து, "இவளை விட்டா ஒருநாள் கடலையும் துடைச்சுக் காயப் போட்டுருவா" என்றார். துறைமுகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பெருமைதானே, சிரிக்க என்ன கஷ்டம்?

துறைமுகத்துக்குள் வலை உதறக்கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். அதற்கு முன்னால் படகைக் கட்டியதும் கட்டாததுமாக எல்லோரும் அங்கேயே வலையை உதறுவார்கள். செத்த குஞ்சு, நண்டுக்கால், சொறிமீன், கிழிந்த நைலான் எல்லாம் படகுகளுக்கு நடுவே மிதக்கும். மீன் எடுக்க வருகிற வியாபாரி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விலையைக் குறைப்பான். ஒருநாள் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு அவள் ஒரு வாளியில் துறைமுகத் தண்ணீரை மொண்டு வந்து மேசைமேல் வைத்தாள்.

"யாராவது இதுல முகம் கழுவுங்க. கழுவிட்டா நான் பேசாம வீட்டுக்குப் போயிடுறேன்."

ஒருவரும் கழுவவில்லை. அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். அதிலிருந்து நாற்பத்திரண்டு படகும் வெளிக்கடலிலேயே வலையை உதறிவிட்டு உள்ளே வருவது வழக்கமாயிற்று. இருபது வருட வழக்கம். மீன் குறைந்தாலும் கூடினாலும் அதை யாரும் மீறியதில்லை.

மற்றவர்கள் வருகிற வழியில், ஆழத்தில், படகு ஆட ஆட அவசரமாக உதறிவிட்டு வந்துவிடுவார்கள். அவள் கண்ணுக்கு அது உதறலே இல்லை. துறைமுகத்தைத் தாண்டி ஒரு பாறைமுனை உண்டு. அதைச் சுற்றினால் ஒரு சின்னக் குடா. மூன்று பக்கமும் பாறை, தண்ணீர் அசையாது, அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். அங்கே ஒரு தட்டைப் பாறைக்கு அருகில் படகை நிறுத்தி, வலையைக் கண் கண்ணாகப் பிரித்து, ஒட்டியிருக்கிற ஒவ்வொன்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். சுத்தம் மட்டும்தான் காரணம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அசல் காரணம் வேறு. அந்தக் குடாவில்தான் அவள் தங்கை வாழ்ந்தாள்.

இந்த அக்கா தங்கை கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கையை வளர்த்தது அக்காதான். தலை வாரியது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அவள்தான். அந்தத் தங்கை சின்னக் குடாவில் சிப்பி எடுக்கிற ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய சிப்பியைக் கத்தியால் பெயர்த்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிற பிழைப்பு. பேச்சுவார்த்தைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தபோது, நரம்பில்லாத நாக்கு அக்காவுக்கு ஆடிவிட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணு போயும் போயும் சிப்பி பொறுக்குறவனுக்கா?"

அவ்வளவுதான். தங்கை அவனையே கட்டிக்கொண்டு குடாவுக்குப் போனாள். படகில் பத்து நிமிடத் தொலைவில் இருந்துகொண்டு எட்டு வருடம் இருவரும் பேசவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைக்கூட மீன் வியாபாரி சொல்லித்தான் அக்கா தெரிந்துகொண்டாள். அன்று பெட்டிகளை மூன்று தடவை கழுவினாள் என்று அவள் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

பிறகு ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் குழாய் வெடித்தது. காற்று படகை நேராகக் கொண்டுபோய்ச் சின்னக் குடாவில் விட்டது. வீட்டுக்காரர் குனிந்து குழாயைக் கட்டிக்கொண்டிருக்க, இவள் கரைப்பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கை இரண்டு டம்ளர் டீயோடு தட்டைப் பாறைக்கு இறங்கி வந்தாள். வா என்றும் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. டீயை நீட்டிவிட்டு வலையைப் பார்த்தாள்.

"வலையெல்லாம் குப்பையா இருக்கே. இங்கயே உதறிட்டுப் போயேன். தண்ணி அசையாம இருக்கு."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அந்த வீட்டுப் பாஷையில் அதுதான் மன்னிப்பு. அன்று முதல் வாரத்துக்கு மூன்று நாள் அக்கா வலை உதற வந்தாள். "உன்னைப் பார்க்க வந்தேன்" என்று ஒருதடவையும் சொன்னதில்லை. "வலை உதறணும்" என்பாள். தங்கையும் பாறையில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே, பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் சொல்வாள். வலை சுத்தமான பிறகும் அரைமணி நேரம் உதறல் நடக்கும். வீட்டுக்காரர் எஞ்சின்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குவதாகப் பாவனை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் பாசி வந்தது.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏதோ தூரக் கடலிலிருந்து வந்திருக்கும் என்றார்கள். முதலில் வலையில் ஒரு கொத்து, இரண்டு கொத்து. பழுப்பும் பச்சையுமாக, நுனி பிளந்து பிளந்து, பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு வருடத்துக்குள் துறைமுகத்துக்கு வெளியே கடலடி முழுக்க அதுதான். பழைய பாசி, புல், பாறை எல்லாவற்றையும் ஒரே விரிப்பாக மூடிவிட்டது. அழைக்காமல் வந்தது, போகிற எண்ணமும் இல்லை, இருக்கிறவர்களையும் இருக்கவிடவில்லை என்று அதற்கு மாப்பிள்ளைப்பாசி என்று பெயர் வைத்தார்கள். சங்கத் தலைவரின் வீட்டோடு மாப்பிள்ளைக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

சிரிப்பு சீக்கிரம் வற்றியது. வலையை இழுத்தால் முன்பு மீன் கனத்தது, இப்போது பாசி கனத்தது. நான்கு பேர் இழுக்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் இழுத்து, உள்ளே பார்த்தால் ஏழெட்டு மீன்கள் மூச்சுமுட்டிக் கிடக்கும். கணவாய் முட்டை வைக்க இடமில்லாமல் வேறு பக்கம் போய்விட்டது. புல்லுக்குள் வளர்கிற குஞ்சுகள் புல்லோடு போயின. காற்று திரும்பினால் கரை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பாசி ஒதுங்கி அழுகும்; கடற்கரைச் சாலையில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்தார்கள். ஐஸ் ஃபாக்டரிக்குத் தண்ணீர் இழுக்கிற குழாய் மாதம் இருமுறை அடைத்துக்கொண்டது. மூன்று படகுகள் விற்பனைக்கு வந்தன, வாங்க ஆளில்லை.

நம் சுத்தக்காரிக்கு வேலை இரட்டிப்பானது. மற்றவர்கள் பாசியை மூட்டையாக ஆழத்தில் தள்ளிவிட்டுக் கண்ணிகளில் மிச்சத்தோடு வருவார்கள். அவளுக்கு மனசு கேட்காது. குடாவுக்குப் போய், வலையை விரித்து, ஒவ்வொரு கண்ணியிலும் சுற்றிக்கொண்ட பாசியை விரலால் பிய்ப்பாள். பெரிய கொத்தாக மிதந்தால் தங்கை வீட்டு ஓரம் அசிங்கமாக இருக்குமே என்று, அதையும் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போடுவாள். வேரோடு பிடுங்கினால் செடி செத்துவிடும், கிள்ளினால் அது குப்பை. கரையில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கடலுக்கு அடியில் இருப்பதற்கு வேறு நியாயம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சின்னக் குடாவில் பாசி தலைகாட்டியபோது தங்கைதான் முதலில் பார்த்தாள். "அக்கா, உங்க மாப்பிள்ளை எங்க ஊருக்கும் வந்துட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வருடம் சிரிக்கவில்லை. தங்கை வீட்டுக்காரர் முங்கிவிட்டு வருகிற பை பாதியாயிற்று, பிறகு கால்வாசி. சிப்பிக் குஞ்சு வந்து ஒட்டுவதற்குப் பாறை தெரிய வேண்டும், பாறையே தெரியவில்லை. இருந்த சிப்பியும் விரிப்புக்கு அடியில் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. குடாவில் பதினாறு குடும்பம், பதினாறுக்கும் அந்தப் பாறைகள்தான் சோறு.

பழி சொல்ல ஆள் தேடினார்கள், ஆள் கிடைத்தான். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிவந்து குடாவில் முங்கவைத்துக் காட்டுகிற ஒருவன் இருந்தான். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர். சத்தமாகப் பாட்டுப் போடுவான், யாரைப் பார்த்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், எனவே யாருக்கும் அவனைப் பிடிக்காது. அவன் நங்கூரத்தில் ஒட்டிக்கொண்டுதான் பாசி வந்தது என்று தீர்மானமாயிற்று. தங்கைக்கு அவன் பேரைக் கேட்டாலே எரிந்தது.

"அவன் படகு இனி இந்தக் குடாவுக்குள்ள வரக்கூடாது. வந்தா நானே கல்லெடுத்து அடிப்பேன்," என்றாள் தட்டைப் பாறையில் நின்று. அக்கா, "அடிக்காம விடுவியா பின்ன" என்று ஒத்துப் பாடியபடி, வலையிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள்.

அந்த மாதம் மீன்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். சங்க அறையில் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். எந்த மேசைமேல் சுத்தக்காரி வாளியை வைத்தாளோ அதே மேசை. உள்ளே கடல்தண்ணீர், ஒரு கல், கல்மேல் விரல் நீளத்துக்கு மாப்பிள்ளைப்பாசி.

"பத்து நாளைக்கு முன்னாடி இதுல நான் போட்டது ஒரு நகத்துண்டு அளவுதான். வேர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கிள்ளிப் போட்டதுதான். இப்ப பாருங்க, கல்லைப் பிடிச்சுக்கிச்சு."

யாரோ, "அப்போ பிடுங்கினா சாகாதா?" என்று கேட்டார்.

"பிடுங்கித் தண்ணியிலயே போட்டா ஒண்ணு பத்தாகும். ஆழத்துல வெளிச்சம் இல்லாம கொஞ்சம் சாகும். ஆழம் இல்லாத, அசையாத தண்ணியில ஒண்ணுகூடச் சாகாது."

பிறகு அவள் ஒரு வரைபடத்தை விரித்தாள். கடற்கரை முழுக்க முங்கிப் பார்த்து, எங்கே எவ்வளவு அடர்த்தி என்று வண்ணம் தீட்டியிருந்தாள். சின்னக் குடாவில் ஒரே ஓர் இடம் கருஞ்சிவப்பு. அங்கிருந்துதான் குடாவின் மற்ற பக்கமெல்லாம் பரவியிருக்கிறது, ஏன் அங்கே ஆரம்பித்தது என்று புரியவில்லை, அங்கே ஒரு தட்டைப் பாறை மட்டும்தான் இருக்கிறது என்றாள்.

சுத்தக்காரி வரைபடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இவள் எடுத்துப்போய்த் தங்கை மடியில் விட்டிருந்தாள், வாரத்துக்கு மூன்று நாள், நான்கு வருடமாக, துண்டு துண்டாக நறுக்கி.

அதன்பிறகு அவள் குடாப்பக்கம் போகவில்லை. இடுப்பு வலி என்றாள், எஞ்சின் சரியில்லை என்றாள். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. பத்தாவது நாள் தங்கையே போன் செய்தாள்.

"என்னக்கா, ஆளையே காணோம்? சரி, ஞாயித்துக்கிழமை கூட்டம். கூலிங்கிளாஸ் படகை அடியோட நிறுத்தச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போடப்போறாங்க. நீ கண்டிப்பா வந்து பேசணும். துறைமுகத்தையே சுத்தம் பண்ணினவ நீ, நீ பேசினா எடுபடும்."

"வர்றேன்டி," என்றாள் அக்கா.

அந்தச் சில நாட்கள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளும் வலையை வேறெங்காவது உதறிக்கொள்ளலாம், தங்கையோடு டீ குடித்துக்கொண்டு எப்போதும்போல் இருக்கலாம். சொன்னால் தங்கை போய்விடுவாள். ஒரு வார்த்தைக்கு எட்டு வருடம் பேசாமல் இருந்தவள். இதற்கு எத்தனை வருடம்? அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னொரு எட்டு வருடத்தை எடுத்துக் கொடுக்க அவளிடம் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "கூலிங்கிளாஸுக்கு ரெண்டு பொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் சிப்பி பிரிக்கிற கொட்டகையில். வெறும் பலகைகள், பிரிக்கத்தான் சிப்பி இல்லையே. பதினாறு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. தங்கை எல்லோருக்கும் டீ கொடுத்தாள். கூலிங்கிளாஸ் ஓரமாக நின்றான். மரியாதைக்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் கண்ணை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. சின்னக் கண், பயந்த கண்.

"எங்க அக்கா பேசுவாங்க," என்று தங்கை பெருமையாகச் சொல்லி உட்கார்ந்தாள்.

அக்கா எழுந்தாள். நாலு பேருக்கு நடுவே நின்று பேசுவது அவளுக்குப் புதிதல்ல. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நங்கூரத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு இலை வந்திருக்கும். இல்லன்னு சொல்லல. ஆனா என் வலையில மூட்டை மூட்டையா வந்துச்சு. அந்தத் தட்டைப் பாறைக்கு முன்னாடி நின்னு நான்தான் பிச்சுப் பிச்சுப் போட்டேன். நாலு வருஷம். சுத்தம் பண்றேன்னு நெனச்சு நகத்தளவு நகத்தளவா கிள்ளிப் போட்டேன். கிள்ளினா வளரும்னு அந்த மேடம் பாட்டில்ல காட்டினாங்க. அந்த வரைபடத்துல இருக்குற சிவப்பு என் கை வேலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடமா போகக்கூடாது. அவனை விட்டுருங்க."

பின்வரிசையில் ஒரு பெரியவர், "யாரு, சுத்தக்காரியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்தது தனக்கே பொறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை வீட்டுக்காரர், "அண்ணி, நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க…" என்று தொடங்கினார். அதோடு நிறுத்திக்கொண்டு வெறும் பலகையைப் பார்த்தார். வெறும் பையோடு கரையேறிய நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும், பாவம்.

தங்கை எழுந்து தட்டை எடுத்தாள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் டம்ளரை வாங்கத் தொடங்கினாள். பாதி குடித்தவர்கள், குடிக்கவே ஆரம்பிக்காதவர்கள், யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் டம்ளரையும் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

படகேறப் போகும்போது கூலிங்கிளாஸ் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. நான் போயிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்."

"அதுக்குத்தான் திறந்தேன். போய் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வை."

அதற்குப் பிறகான இரண்டு மாதத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்டால் வேலை செய்து தள்ளினாள் என்றுதான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஐஸ் ஃபாக்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தளம் சும்மா கிடந்தது. வலையைக் கடலில் உதறாமல் அப்படியே சுமந்து வந்து அங்கே விரித்தாள். பாசியைப் பிய்த்து, வெயிலில் சருகாகும்வரை காயவிட்டு, குழியில் தள்ளினாள். அவள் கொண்டுவந்த சட்டத்தை அவளே முதலில் கவிழ்த்தாள். "என்ன சுத்தக்காரி, குப்பையை ஊருக்குள்ளயே கொண்டு வந்துட்ட?" என்றார்கள். "ஆமா, குப்பை நம்மளோடதுதானே" என்றாள். சில படகுகள் அவளைப் பார்த்துச் செய்தன, சில முணுமுணுத்தன. கண்ணைக் கரிக்கும் நாற்றம். அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள். தங்கையிடமிருந்து ஒரு போன்கூட வராததைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை நினைத்து அவள் அழுதாள். சிமெண்ட் தளத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, பாசி நாற்றத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு.

மீன்துறைப் பெண் குடாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாசி எடுக்க ஏற்பாடு செய்தாள். முழுக் குடாவையும் மீட்க முடியாது, ஆசை காட்ட மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டாள். சிப்பிப் பாறைகளில் நாலைந்தையாவது வெறுமையாக வைத்திருந்தால் குஞ்சு ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். கூலிங்கிளாஸ் தன் படகில் ஆட்களை ஏற்றிப் போனான், காசு வாங்கவில்லை. சுத்தக்காரி முதல் வாரமே போனாள். வேலை இரண்டிரண்டு பேராக. ஒருவர் பாசியை அடியோடு சுரண்ட வேண்டும், இன்னொருவர் மெல்லிய துணிப்பையின் வாயை அகலமாகப் பிடித்து ஒரு துணுக்கும் தப்பாமல் வாங்க வேண்டும். தங்கை தன் வீட்டுக்காரரோடு ஜோடி சேர்ந்து மறுபக்கப் பாறையில் நிற்பாள். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இவள் பக்கம் திரும்பவில்லை.

எட்டாவது வாரம் தங்கை வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். தங்கை தனியாகப் பையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் போய்விட்டார்கள். சுத்தக்காரியோடு வழக்கமாகச் சேருகிற கூலிங்கிளாஸ், படகில் ஏதோ ரிப்பேர் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டான். அவன் படகில் ஒரு ரிப்பேரும் இல்லை.

தங்கை நடந்து வந்தாள். அக்காவின் முன்னால் பையின் வாயைத் திறந்து பிடித்தாள். அக்கா குனிந்து சுரண்டினாள். அரைமணி நேரம் கத்தி பாறையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கத்தி வழுக்கியதில் ஒரு கொத்து பிய்ந்து, பையைத் தாண்டி மிதந்தது. தங்கை பாய்ந்து அதைப் பிடித்தாள்.

"கண்ணு எங்கக்கா இருக்கு? ஒரு துண்டு போனா போதும்னு நீதானே ஊரைக் கூட்டிச் சொன்ன!"

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. திட்டுதான். அக்காவுக்குத் தேனாக இனித்தது. "சரிடி, பாத்துச் செய்றேன்," என்றாள்.

தங்கை பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இங்கயே உதறிட்டுப் போன்னு சொன்னதே நான்தானே. அதை ஏன் கூட்டத்துல சொல்லாம விட்ட?"

அக்கா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அது எதுக்குடி ஊருக்கு."

"நீ சொல்லிருவேன்னு அங்க உக்காந்து நடுங்கிக்கிட்டு இருந்தேன். நீ சொல்லல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட உனக்கு போன் பண்றது?" தங்கையின் குரல் உடைந்தது. "பதினாறு வீட்டுலயும் தினம் என் மூஞ்சியிலதான் முழிக்கிறாங்க. உன்னைத் திட்டுறாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

"மூடிக்கிட்டே இரு. நீ இங்க வாழணும். நான் துறைமுகத்துக்காரி, என்னைத் திட்டினா எனக்குக் கேக்கவா போகுது?"

தங்கை அழுதாள். கையில் பை இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. பையை விட்டால் பாசி போய்விடும். அக்கா தன் ஈரக் கையாலேயே துடைத்துவிட்டாள். உப்புத் தண்ணீரை உப்புத் தண்ணீரால் துடைத்தால் என்ன துடைபடும்?

"வலையை இப்ப கரையிலதான் உதறுறியாமே?" என்றாள் தங்கை.

"ஆமா."

"அப்ப இனி இங்க எதுக்கு வருவ? உனக்குத்தான் வேலை இல்லையே."

அக்கா பாறையைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன்னைப் பாக்க வருவேன். வேற எதுக்கு?"

தங்கை மூக்கை உறிஞ்சினாள். பையின் வாயைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வா. ஆனா படகுல வராத, அடியில எதாவது ஒட்டிக்கிட்டு வரும். பஸ்ல வா."

படகில் பத்து நிமிடம். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போகும், இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூட அந்த வழியில் போனதில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் நிறுத்தத்தில் நின்று, சின்னக் குடாவுக்கு எந்த பஸ் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாள்.